கணினிக் கல்வியும் துணைத்துறையும்: ஒரு மதிப்பீடு

ஒன்றுக்கு மேற்பட்ட துறைகளை ஒருவரே பயிலுதல் தமிழர்க்குப் புதிய வழக்கமன்று. இலக்கணத்தோடு சோதிடமும், சமய சாத்திரத்தோடு மருத்துவமும் கைவரப்பெற்ற புலவர் பலர் ஈழநாட்டில் வாழ்ந்தனர். ஆயின், இரு துறைகளைக் கற்றல் வேறு. இரு துறைகளை இணைத்துக் கற்றல் வேறு. முன்னையது அறிவின் அளவைப் பெருக்கும்; பின்னையது அறிவின் தன்மையையே மாற்றும். இவ்வேறுபாடு மறக்கப்படுமிடத்துக் கல்வி வெறும் பட்டங்களின் தொகையாகக் குறுகிவிடும். பிரயோகக் கணினி விஞ்ஞானத்தை வேறொரு துறையோடு சேர்த்துப் பல்கலைக்கழகத்திற் பயிலும் முறை இந்நாளிற் பெருகிவருகின்றது. அதன் நிறைவையும் குறையையும் நடுநிலை நின்று ஆராய்தல் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் ஒருங்கே கடனாகும்.

இவ்வாராய்ச்சி கண்டி மாவட்டத்துத் தெல்தோட்டை போன்ற ஊர்களுக்கு அயலான பொருளன்று. தெல்தோட்டையிலிருந்து கலஹா வழியாக இறங்கும் வீதி பேராதனைப் பல்கலைக்கழக வளவினூடாகவே செல்கின்றது. 1952ஆம் ஆண்டிற் பல்கலைக்கழகம் பேராதனையில் நிலைகொள்ளத் தொடங்கிய காலந்தொட்டு, மேலே வாழும் தோட்ட மக்கள் அவ்வளவைக் கடந்து போய் வந்துள்ளனர். கடந்து சென்றோர் பலர். உட்புகுந்து கற்றோர் சிலர். தோட்டப்புறப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் நெடுங்காலம் அமையாதிருந்தமையும், அமைந்தவிடத்தும் ஆசிரியர் போதாமையும் இதற்குக் காரணங்களாம். கணிதத்தில் நாட்டமுள்ள மாணாக்கரும் கலைப்பிரிவையே நாட வேண்டியவராயினர். அவருக்கு, தாம் எடுத்த துறையைக் கைவிடாது கணினியையும் கற்கலாம் என்னும் செய்தி, அடைபட்ட வாயிலொன்று மீளத் திறக்கப்பட்டது போலாகும். அவ்வாயில் எங்கே கொண்டு சேர்க்கின்றது என்பதே வினா.

நம் நாட்டில் இதற்கமைந்த வழிகள் சிலவற்றை முதலில் நோக்குதல் தகும். பேராதனை விஞ்ஞான பீடத்திற் புள்ளிவிபரவியலும் கணினி விஞ்ஞானமும் ஒரே திணைக்களத்தின் கீழ் வைக்கப்பட்டுள்ளன. 1997ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக அமைந்து, 2021ஆம் ஆண்டிற் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாவிற் பிரயோகக் கணிதமும் கணினியியலும் ஒரே பட்டநெறியாக இணைக்கப்பெற்றன. கொழும்பிற் பேராசிரியர் வி. கே. சமரநாயக்க அவர்கள், கணிதமும் பௌதிகமும் பயின்று அவற்றின் வழியே கணினிக்கு வந்தவர். அவர் முயற்சியால் 1987ஆம் ஆண்டிற் கணினித் தொழினுட்ப நிறுவனம் தோன்றியது. 2002ஆம் ஆண்டில் அது கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியாக விரிவுற்றது. அதற்கு முன்னரே, 2000ஆம் ஆண்டில், தகவற் தொழினுட்பத்துக்கான வெளிவாரிப் பட்டநெறி தொடங்கப்பட்டது. வெளிவாரிப் பட்டம் என்பது பல்கலைக்கழகத்துள் இடம்பெறாதோர்க்கும், தொழில் செய்துகொண்டு கற்போர்க்கும், வேறு துறையிற் காலூன்றியோர்க்கும் பரீட்சை வாயிலாகக் கற்கும் உரிமையை நல்குவது. இவ்வுரிமை மலையகத்து ஆசிரியர் பலரின் வாழ்வை முன்னரே மாற்றியுள்ளது.

இவ்வழிகளை உற்றுநோக்கின் ஓர் உண்மை புலப்படும். கணினியோடு சேர்க்கப்பெற்ற துறைகளுள் முதலிடம் பெறுவன கணிதமும் புள்ளிவிபரவியலுமே. இவை கணினிக்கு உடன்பிறந்த துறைகள். இவற்றின் சேர்க்கையில் இடர்ப்பாடு சிறிது. வரலாறு, மொழி, பொருளியல், சமூகவியல் முதலியவற்றோடு கணினியை இணைக்கும்போதே முறையின் வலிமையும் மெலிவும் வெளிப்படும். தெல்தோட்டை மாணாக்கருக்குரியனவும் பெரும்பாலும் அத்துறைகளே.

அத்தகைய இணைப்பின் முதல் எடுத்துக்காட்டு ஒரு துறவியிடத்து அமைந்தது. இத்தாலிய இயேசுசபைக் குருவாகிய உரோபேட்டோ பூசா, புனித தோமஸ் அக்குவைனாசின் இலத்தீன் நூல்களில் 'இறை முன்னிலை' என்னும் கருத்தை ஆராய்ந்தார். அக்கருத்துக்குரிய பெருஞ்சொற்களைத் தேடிய அவர், பொருளின் உயிர்நிலை 'உள்' எனப் பொருள்படும் ஒரு சிறு இடைச்சொல்லில் இருப்பதைக் கண்டார். அச்சொல் வருமிடங்களைக் கையாற் சீட்டுகளில் எழுதித் தொகுத்தார். பின்னர் 1949ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் தலைவர் தோமஸ் வாட்சனைக் கண்டு, துளையிட்ட அட்டைகளின் துணையோடு முழுநூற்றொகுதிக்கும் சொல்லடைவு செய்ய முனைந்தார். ஏறத்தாழ 11 மில்லியன் சொற்களை அடக்கிய அவ்வடைவு 56 பெருந்தொகுதிகளாக வெளிவந்து நிறைவுற 1980ஆம் ஆண்டாயிற்று.

இவ்வரலாற்றிற் கருதத்தக்கது முயற்சியின் பருமை மாத்திரமன்று. வினா பிறந்த இடமும் ஆகும். பொறியை நன்கறிந்தோர் அச்சிறு இடைச்சொல்லைப் பொருளற்றதெனத் தள்ளியிருப்பர். இன்றும் சொற்களை எண்ணும் நிரல்கள் பலவற்றில் அத்தகைய சிறுசொற்களை முதலிலேயே நீக்கிவிடும் வழக்கமுண்டு. எதனை நீக்கலாகாது என்பதை இறையியல் சொல்லிற்று. எஞ்சாது தேடுவது எவ்வாறு என்பதைப் பொறி காட்டிற்று. இவ்விரண்டும் தத்தம் கடமையை உணர்ந்து நின்றமையே அவ்விணைப்பின் வெற்றி.

நமக்கு அணிமையான சான்றும் உண்டு. ஐராவதம் மகாதேவன் அவர்கள் இந்திய ஆட்சிப் பணியில் இருந்தவர். கல்வெட்டாராய்ச்சியிற் பெரும்புலமை எய்தியவர். சிந்துவெளி எழுத்துகளைக் கணினியின் துணையோடு தொகுத்து அவர் ஆக்கிய அடைவு நூல் 1977ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் அளவைத் துறையின் வெளியீடாக வந்தது. பின்லாந்தில் அஸ்கோ பார்ப்பொலா தலைமையில் நிகழ்ந்த ஆராய்ச்சியிலும் மொழியறிஞருடன் கணினி வல்லுநராகிய செப்போ கொஸ்கென்னியெமி உடனிருந்து உழைத்தார். சிந்துவெளி எழுத்து இன்னும் ஐயந்திரிபறப் படிக்கப்படவில்லை. எனினும், எக்குறி எதனை அடுத்து வரும், எக்குறி முதலிலும் எக்குறி ஈற்றிலும் நிற்கும் என்பனவற்றை இவ்வடைவுகள் நிலைநாட்டின. பின்வரும் ஆராய்ச்சியாளர் கற்பனையாற் சொல்லக்கூடியவற்றுக்கு அவை எல்லை வகுத்தன. கணினி ஒரு துறைக்குச் செய்யும் தலையாய உதவி இதுவெனலாம்: விடையை அது தாராவிடினும், தவறான விடைகளைப் பலகாற் தடுத்துவிடும்.

தமிழ்மொழியைப் பொறுத்தவரை இவ்வினா இன்னும் நெருக்கமானது. கணினிகளில் இன்று வழங்கும் யுனிகோட் குறியேற்றத்தில் தமிழெழுத்துகள் இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான ஒரு நிரலைத் தழுவி அமைந்துள்ளன. அந்நிரலில் னகரம் நகரத்தை அடுத்து நிற்கும். ழகரம் வகரத்துக்கு முன் வரும். நமது நெடுங்கணக்கிலோ ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்பதே முறை. எனவே, குறியெண்ணை மாத்திரம் நோக்கிச் சொற்களை அகரநிரற்படுத்தும் பொறி, 'கவி' என்னும் சொல்லுக்கு முன்னே 'கழி' என்பதை வைக்கும். புள்ளியின் குறியெண் உயிர்க்குறிகளின் எண்களுக்கெல்லாம் பிற்பட்டிருத்தலின், 'அக்கா' என்பதற்கு முன்னே 'அகம்' என்பதை வைக்கும். தமிழ் அகராதியைப் புரட்டிப் பழகிய மாணாக்கர் இப்பிழையை நொடியிற் காண்பர். பொறியை மட்டும் பயின்றவர் அது பிழையென்பதையே அறியார். மெய்யெழுத்து வரிசை னகரத்தில் முடியும் என்பதைத் தொல்காப்பியமும் நன்னூலும் கற்றவர் வந்து கூறிய பின்னரே, அதற்கேற்ற ஒழுங்கு விதிகளைப் பொறியாளர் அமைக்க இயலும்.

இவ்வாறே, தேடற் பொறியில் 'மரம்' என்று இட்டால் 'மரத்தை', 'மரங்கள்' என்பனவும் கிடைத்தல் வேண்டுமெனின், புணர்ச்சியிலக்கணம் பொறிக்குப் புகட்டப்படல் வேண்டும். ஈண்டு இலக்கணமும் புதிய பயனொன்றைப் பெறுகின்றது. ஆசிரியர் வாய்மொழியாக 'வழக்கு நோக்கி அறிக' என்று விட்டுவிடும் இடங்களிலெல்லாம் பொறி நின்றுவிடும்; விதியைத் தெளிவாகச் சொல்லுமாறு கேட்கும். பொறிக்கு உணர்த்தும் பொருட்டு விதியை எழுத முற்படுவோர், தாம் நன்கறிந்ததாக எண்ணியிருந்த இலக்கணத்தின் இருண்ட மூலைகளை முதன்முறையாகக் காண்பர். ஆகவே இணைத்துறை கணினிக்குப் பொருளை அளிக்க, கணினி இணைத்துறைக்குத் திட்பத்தை அளிக்கின்றது.

தமிழ்க் கணினியை வளர்த்தோர் வரிசையும் இதனையே வலியுறுத்தும். சிங்கப்பூரில் 1997ஆம் ஆண்டில் நிகழ்ந்த தமிழ் இணைய மாநாட்டுக்கு முன்னின்றுழைத்த நா. கோவிந்தசாமி, தமிழாசிரியர், சிறுகதையாசிரியர். 1998ஆம் ஆண்டில் மதுரைத் திட்டத்தைத் தொடக்கித் தமிழ் நூல்கள் மின்வடிவம் பெற வழிசெய்த கு. கல்யாணசுந்தரம், சுவிற்சர்லாந்தின் லோசான் நகரிற் பணியாற்றிய இரசாயனவியல் அறிஞர். ஈழத்து நூல்களைப் பேணும் நூலகத் திட்டமும் 2005ஆம் ஆண்டிற் தன்னார்வலர் கைகளாலேயே தொடங்கிற்று. தமக்கெனப் பிறிதொரு துறையை உடையோரே தமிழுக்குக் கணினியில் இடந்தேடினர் என்பது எண்ணத்தக்கது.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழும். மேற்கூறிய பெரியோர் எவரும் இரட்டைப் பட்டநெறியிற் பயின்றவரல்லர். ஒரு துறையில் ஆழக் கற்றுப் பின்னர் தேவை நேர்ந்தபோது கணினியை நாடியவர். ஆதலின் இளமையிலேயே இரண்டையும் சுமத்துதல் வேண்டாததென்பர். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என நின்று இரண்டிலும் தேர்ச்சியெய்தார் என்றும் கூறுவர். இம்மறுப்பில் உண்மையுண்டு. மூன்றாண்டுக்குள் இரு துறைகளின் பாடங்களையும் முடிக்க முயலும் மாணாக்கர், இரண்டிலும் மேற்போக்கான குறிப்புகளை மனனஞ்செய்து கரையேறுதல் நேரக்கூடியதே. எனினும், தொழிலும் பதவியும் பெற்றபின் ஓய்வாகப் பிறிதொன்றைக் கற்கும் வாய்ப்பு எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. தோட்டத்து லயத்திலிருந்து வரும் மாணாக்கருக்குப் பல்கலைக்கழகக் காலமே பெரும்பாலும் ஒரே வாய்ப்பு. மேலும், இணைக்கல்வியின் நோக்கம் ஒருவரையே இரு துறைக்கும் பேரறிஞராக்குதலன்று. மொழியறிஞரும் கணினி வல்லுநரும் ஒருவர் கூற்றை மற்றவர் விளங்கிக்கொள்ளும்படி நடுவில் நிற்கத்தக்கவரை ஆக்குதலே அதன் நோக்கம்.

அவ்வாறு நடுவில் நிற்போர் எத்துணை வேண்டப்படுவர் என்பதற்குத் தெல்தோட்டைச் சூழலே சான்று தரும். அதனை அடுத்துள்ள லூல்கந்தரத் தோட்டத்திற் ஜேம்ஸ் டெய்லர் 1867ஆம் ஆண்டில் 19 ஏக்கரிற் தேயிலை பயிரிட்டதே இலங்கைத் தேயிலைத் தொழிலின் தொடக்கமாகக் கொள்ளப்படும். அன்றுமுதல் தோட்டங்களிற் கணக்கு எழுதப்பட்டு வந்தது. பிரட்டுக் களத்தில் அழைத்த பெயர், மடுவத்தில் நிறுத்த கொழுந்தின் எடை, செக்றோலிற் பதிந்த நாள் என்பன, ஒரு சமூகத்தின் உழைப்பை நாள்தோறும் எண்ணாக்கிய பதிவுகள். இத்தகைய பழம்பதிவேடுகளைக் கணினியில் ஏற்றி அட்டவணையாக்குதல் பிரயோகக் கணினி கற்றோர்க்கு அரிதன்று.

அவ்வட்டவணையில் ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே ஒருநாள் 'அரை' என்னும் எண் வருகின்றதெனக் கொள்க. கணினி மட்டும் அறிந்தவர் அதனை அரைநாள் வேலையென எழுதுவர். ஆண்டின் இறுதியில் அவற்றைக் கூட்டி, அப்பெண் இத்தனை நாள் குறைவாக உழைத்தாரென முடிவு கூறுவர். தோட்ட வழக்கை அறிந்தோர்க்கு அது 'அரைப்பேர்'. நாள் முழுதும் மலையில் நின்று பறித்தும், குறித்த எடைக்குக் கொழுந்து சேராமையால் பாதிக் கூலியாகப் பதியப்பட்ட நாளும் அதனுள் அடங்கும். மழையின்மையாற் கொழுந்து அரும்பாத பருவமும், ஈரத்துக்கும் சாக்குக்கும் எனக் கழித்த எடையும் அவ்வரையினுள் மறைந்து கிடக்கும். உழைப்பின் அளவென ஒருவர் கொள்ளும் எண், கூலியின் அளவென மற்றவர்க்குத் தெரியும். எண்ணிற் பிழையில்லை, கூட்டலிற் பிழையில்லை, முடிவோ முழுப்பிழை. அம்முடிவு ஓர் அறிக்கையாகி ஆட்சியாளர் கைக்குச் செல்லுமாயின், தவறு ஏட்டோடு நில்லாது மக்களின் அடுப்படி வரை வந்துசேரும்.

பொருளியலோ சமூகவியலோ கற்றுக் கணினியும் பயின்ற தோட்டத்துப் பிள்ளை, அந்த 'அரை' என்பதை இரண்டாகப் பிரித்து எழுத வேண்டுமெனக் கூறும் தகுதியுடையார்: ஒரு நிரலில் உழைத்த நேரம்; மறு நிரலிற் பதிந்த பேர். அட்டவணையில் ஒரு நிரலை மிகையாக அமைத்தல் கணினியியலிற் சிறு செயல். அது வேண்டுமென அறிதல் அந்நூல் தாராத அறிவு. இவ்விரண்டும் ஒருவரிடத்துக் கூடுமாயின், இணைக்கல்வி தன் பயனை எய்தியதாகும்.

இப்பயனை இன்றைய முறை எளிதில் தருகின்றதா எனின், தருகின்றதெனத் துணிந்து கூறல் இயலாது. அதன் குறைகள் மூன்று. முதலாவது, இரு துறைகளும் அருகருகே கற்பிக்கப்படினும் ஒன்றையொன்று நோக்காமை. கணினி விரிவுரையில் வரும் பயிற்சிகள் எங்கோவுள்ள வங்கியின் கணக்கையும் கற்பனைக் கடையின் சரக்கையும் பற்றியன; வரலாற்று விரிவுரையிற் கணினியின் பெயரே எழுவதில்லை. இணைப்பு என்னும் கடினமான பணி, அதற்குப் பயிற்சியற்ற மாணாக்கரின் தலைமேல் விடப்படுகின்றது. இரண்டாவது, பரீட்சை முறை. ஒவ்வொரு துறையும் தன் வினாத்தாளைத் தனித்தே இடும். இரண்டும் சேர்ந்தாலன்றி விடை காணவியலாத வினா ஒன்றேனும் இல்லாதவிடத்து, சேர்த்துக் கற்றதன் பயனை அளக்கும் கோல் எது? மூன்றாவது, மொழி. கலைப்பாடங்களைத் தமிழிற் கற்கும் மாணாக்கர் கணினியை ஆங்கிலத்திலேயே கற்க நேர்கின்றது. ஆங்கிலம் வேண்டுவதே, அதனை வெறுத்தல் பேதைமை. ஆயினும் ஒரு துறையின் சிந்தனை ஒரு மொழியிலும், மறு துறையின் சிந்தனை வேறு மொழியிலும் நடைபெறின், இரண்டும் உள்ளத்தில் ஒன்றையொன்று சந்திக்கும் வாய்ப்புக் குறைவாகும். கலைச்சொற்களைத் தமிழிலும் அறிந்து, ஒரே கருத்தை இரு மொழியிலும் சொல்லப் பழகுதலே இதற்கு மருந்து.

முதலிரு குறைகளுக்கும் பரிகாரம் பெருஞ்செலவை வேண்டாதது. இறுதியாண்டில் மாணாக்கர் ஒவ்வொருவரும் இரு துறைக்கும் பொதுவான ஓர் ஆய்வைச் செய்தல் வேண்டும். அதனை இரு துறையாசிரியரும் ஒருங்கிருந்து மதிப்பிடல் வேண்டும். ஆய்வுப்பொருள்களுக்கு மலைநாட்டிற் பஞ்சமில்லை. தெல்தோட்டையைச் சார்ந்த போப்பிட்டியிற் பிறந்த அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவரின் செய்யுள்களுக்குச் சொல்லடைவு அமைக்கலாம். ஸி. வி. வேலுப்பிள்ளை முதலியோர் தொகுத்தளித்த தோட்டப் பாடல்களில் ஒரே அடி வெவ்வேறு பாடல்களில் எவ்வாறு திரிந்து வழங்குகின்றதெனத் தேடலாம். மழைவீழ்ச்சிப் பதிவையும் கொழுந்தின் நிறுவையையும் ஒப்பிடலாம். இவற்றுள் எதனையும் தனியொரு துறையால் நிறைவாகச் செய்தல் அரிது.

பள்ளியாசிரியர்க்கும் ஈண்டுப் பங்குண்டு. உயர்தரத்திற் கலைப்பாடங்களோடு தகவற் தொழினுட்பத்தையும் ஒரு பாடமாகக் கொள்ள இடமுண்டு. அதனைத் தெரிந்தெடுக்கும் மாணாக்கரிடம் 'இது தொழில் தரும்' என்று மட்டும் சொல்லி அமைதல் போதாது. தொழிற் சந்தையின் தேவை ஆண்டுக்காண்டு மாறும்; இன்று கற்ற நிரல்மொழி நாளை வழக்கொழியும்; நிரல்களையே பொறி எழுதித் தரும் காலமும் வந்துவிட்டது. பொறி தானே எழுதுந்தோறும், எதனை எழுதவேண்டும் என்று சொல்வோரின் அறிவுக்கே மதிப்பு மிகும். ஆதலின் வரலாற்றையும் மொழியையும் கணினிக்கு ஏணியாக மாத்திரம் கருதி ஏறியபின் உதைத்துத் தள்ளும் மாணாக்கர், தமக்குரிய வலிமையையே இழப்பர். அவ்வாறே, கணினியைத் தம் துறைக்கு ஓர் அணியாகப் பூண்டு, அதன் உள்ளமைப்பை அறியாதோரும் பிறர் செய்துதந்த பொறிக்கு அடிமையாவர்.

தொகுத்து நோக்குமிடத்து, கணினியை வேறொரு துறையோடு சேர்த்துக் கற்றல் வரவேற்கத்தக்க முறையே. ஆயின் சேர்ப்பினால் மாத்திரம் அது சிறப்பெய்தாது. துணைத்துறை கணினியிடம் வினாவைக் கொண்டுசெல்லல் வேண்டும். கணினி துணைத்துறையிடம் தெளிவைக் கேட்டல் வேண்டும். கொழுந்துக் கணக்கின் 'அரை' என்னும் எண்ணுக்குள் ஒரு முழுநாள் உழைப்பு இருக்கக்கூடும் என்பதை அறிந்தோரே அக்கணக்கைப் பொறியில் ஏற்றும் நாளில், கலஹா வீதியால் இறங்கி வரும் மாணாக்கரின் கல்வி அவருக்கும் அவர் பிறந்த மலைக்கும் ஒருங்கே பயன்படும்.